எவ்வளவு நீர்த்தாலும் மில்லிகிராம் குறையாது

"பத்து லட்சத்தில் ஒரு பங்கு அட்ரினலின் என்ன செய்துவிடப்போகிறது?" லைப்போசக்‌ஷன் நடக்கும் அறுவை அரங்குகளில் இந்தக் கேள்வியை யாரும் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. பேச்சை முடிப்பதற்காகவே கேட்கிறார்கள். தோலுக்கடியில் உள்ள கொழுப்பை உறிஞ்சுவதற்கு முன்பு லிட்டர் கணக்கில் சலைன் செலுத்தப்படுகிறது. அதில் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்னும் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்திருக்கும். எடுத்த கொழுப்பு எத்தனை லிட்டர் என்று எழுதிவைக்கிறார்கள். லிக்னோகெய்ன் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்றும் பலர் கணக்கிடுகிறார்கள். அட்ரினலினுக்கு மட்டும் "ஒரு பாட்டிலுக்கு ஒரு ஆம்பூல்" என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. எத்தனை பாட்டில் போயிற்று, நோயாளியின் எடை என்ன, மொத்தம் எத்தனை மில்லிகிராம் உடலுக்குள் இறங்கியது என்பதைக் கூட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

இது அலட்சியக்காரர்களின் கருத்தாக மட்டும் இருந்திருந்தால் அதை மறுத்து எழுதவேண்டிய தேவை இருந்திருக்காது. கைதேர்ந்தவர்களும் இதை நம்புகிறார்கள், மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர்களிடம் நான்கு வாதங்கள் இருக்கின்றன. மருந்து மிகவும் நீர்த்தது. உடலுக்குள் போனாலும் சில நிமிடங்களில் அழிந்துவிடும். பல்லாயிரம் பேருக்குச் செய்தும் இதனால் யாரும் இறந்ததாகப் பதிவில்லை. உச்சவரம்பு என்று சொல்லப்படும் எண்ணுக்கு உறுதியான நிரூபணமும் கிடையாது. நான்கும் கேட்பதற்குச் சரியாகவே தோன்றும். ஒவ்வொன்றிலும் ஒரு பாதி உண்மை இருக்கிறது. விட்டுப்போன மறுபாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

அட்ரினலினே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த அறுவைச் சிகிச்சையை மனிதர்கள் தாங்கக்கூடியதாக மாற்றியதே அட்ரினலின்தான்.

கொழுப்பை உறிஞ்சும் முறை 1970களில் ரோம் நகரில் ஃபிஷர் என்ற தந்தை, மகன் இருவரின் கருவிகளோடு தொடங்கியது. பாரிஸில் இலூஸ் அதை முனை மழுங்கிய குழாயால் செய்யக் கற்றுக்கொடுத்தார். அந்தக் காலத்தில் எந்தத் திரவமும் செலுத்தாமல் உறிஞ்சினால், வெளியே வருவதில் 20 முதல் 45 சதவீதம் ரத்தமாக இருந்தது. ஓரளவு கொழுப்பு எடுத்தாலே ரத்தம் ஏற்றவேண்டிய நிலை. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன் 1987இல் வெளியிட்ட முறை அதைத் தலைகீழாக மாற்றியது. மிகவும் நீர்த்த லிக்னோகெய்னையும் அட்ரினலினையும் ஏராளமான சலைனில் கலந்து, திசு விம்மி இறுகும்வரை செலுத்தவேண்டும். அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். உறிஞ்சியெடுப்பதில் ரத்தம் ஏறக்குறைய ஒரு சதவீதத்துக்கு இறங்கியது. முழு மயக்கம் இல்லாமல், மரத்துப்போன நிலையிலேயே அறுவையை முடிக்கவும் முடிந்தது. எத்தனையோ உயிர்களைக் காத்த முன்னேற்றம் இது. காத்த மருந்து என்பதற்காக அதை எண்ணாமல் விடலாமா என்பதுதான் என் கேள்வி.

நீர்த்தது என்பது அளவல்ல

ஒரு கைப்பிடி உப்பைச் சொம்பில் கரைத்தாலும் அண்டாவில் கரைத்தாலும், முழுவதையும் குடித்தவர் உடலில் சேர்வது அதே கைப்பிடி உப்புதான். நீர்ப்பது ஓரிடத்தில் படும் வீரியத்தைக் குறைக்கும். மொத்த அளவைக் குறைக்காது. "பத்து லட்சத்தில் ஒன்று" என்பது செறிவைச் சொல்லும் எண். அது எவ்வளவு கொடுத்தோம் என்பதைச் சொல்லவே சொல்லாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். க்ளைன் கலவையின் பரவலான வடிவத்தில் ஒரு லிட்டர் சலைனுக்கு 500 மில்லிகிராம் லிக்னோகெய்ன், ஒரு மில்லிகிராம் அட்ரினலின், எரிச்சலைக் குறைக்கக் கொஞ்சம் சோடியம் பைகார்பனேட். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு வயிறு, இடுப்பு, தொடை ஆகியவற்றிலிருந்து இரண்டரை லிட்டர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். எடுப்பதற்குச் சமமான அளவு திரவம் செலுத்தும் முறையென்றால் இரண்டரை லிட்டர் போகும். திசு இறுக இறுகச் செலுத்தும் முறையென்றால் அதுபோல் இரண்டு அல்லது மூன்று மடங்கு, அதாவது 5 முதல் 7.5 லிட்டர் போகும். முதல் முறையில் அட்ரினலின் 2.5 மில்லிகிராம். இரண்டாவதில் 5 முதல் 7.5 மில்லிகிராம். இரண்டு முறையிலும் பாட்டில் மேல் எழுதியிருப்பது ஒன்றேதான்: பத்து லட்சத்தில் ஒன்று.

பரவலாக மேற்கோள் காட்டப்படும் உச்சவரம்பு கிலோவுக்கு 0.07 மில்லிகிராம். 55 கிலோவுக்கு அது 3.85 மில்லிகிராம். இந்தப் பெண்ணுக்கு முதல் முறை வரம்புக்குள் வருகிறது. இரண்டாவது முறை வரம்பைத் தாண்டுகிறது, சில வேளை ஏறக்குறைய இரு மடங்காகவும் ஆகிறது. செறிவை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இந்த வேறுபாடு படவே படாது. பூச்சிக்கடி ஒவ்வாமையில் உயிர் போகிற நிலையில் இருக்கும் பெரியவருக்குத் தசையில் போடும் அட்ரினலின் அரை மில்லிகிராம். இதயம் நின்றவருக்கு ஒவ்வொரு முறையும் நரம்பு வழியே செலுத்துவது ஒரு மில்லிகிராம். தோலுக்கடியில் போவது மெதுவாகச் சேரும் என்பதால் இவற்றை நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது. ஆனாலும் எந்த அளவுகளோடு பழகிக்கொண்டிருக்கிறோம் என்பதை இந்த எண்கள் உணர்த்தவேண்டும்.

"இரண்டு நிமிடத்தில் அழிந்துவிடும்"

மெதுவாகச் சேரும் என்பதிலிருந்துதான் இரண்டாவது வாதம் பிறக்கிறது. ரத்தத்தில் கலந்த அட்ரினலின் இரண்டு மூன்று நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும், பிறகு என்ன கவலை என்கிறார்கள். ரத்தத்துக்குள் வந்துவிட்ட துளியைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் இங்கே மருந்து ஒரே முறை ரத்தத்துக்குள் விழுந்து முடிவதில்லை. கொழுப்புத் திசுவில் லிட்டர் கணக்கில் தேங்கிக் கிடக்கிறது. தான் சுருக்கிய குழாய்கள் வழியாகத் தானே சொட்டுச் சொட்டாக ரத்தத்துக்குள் வந்துகொண்டிருக்கிறது. ஒரு துளி அழிய அடுத்த துளி வந்து சேர்கிறது. நரம்பில் ஊசி போட்டதற்கு இது ஒப்பாகாது. மணிக்கணக்கில் ஓடும் டிரிப்புக்குத்தான் ஒப்பாகும்.

அந்த டிரிப்பின் வேகத்தையும் பார்ப்போம். உறிஞ்சும்போது கணிசமான திரவம் வெளியே வந்துவிடுகிறது. எனவே செலுத்திய 5 மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது என்றும், அது பத்து மணி நேரத்தில் சீராகச் சேர்கிறது என்றும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 2.8 மைக்ரோகிராம் வரும். இதயத் துடிப்பு அபாயகரமாக மந்தமானவருக்குத் தீவிர சிகிச்சையில் அட்ரினலின் டிரிப் போடும்போது நிமிடத்துக்கு 2 முதல் 10 மைக்ரோகிராம் என்பதே வழக்கமான அளவு. அதன் அடிமட்டத்தில் நாம் நிற்கிறோம். தீவிர சிகிச்சையில் அந்த டிரிப் ஓடும்போது பக்கத்தில் மானிட்டர் இருக்கும், செவிலியர் இருப்பார், ரத்த அழுத்தம் இடைவிடாமல் அளக்கப்படும். லைப்போசக்‌ஷன் முடிந்தவருக்கு அதே மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் காரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

நோயாளிகளின் ரத்தத்தை அளந்து பார்த்த ஆய்வுகளும் இதைத்தான் காட்டின. அட்ரினலினின் உச்சம் திரவம் செலுத்தும்போது வருவதில்லை. சில மணி நேரம் கழித்தே வருகிறது. லிக்னோகெய்னின் உச்சம் அதற்கும் பின்னால், 12 மணி நேரத்தை ஒட்டி வருகிறது. "மயக்க மருத்துவர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார், மானிட்டர் சொல்லிவிடும்" என்ற ஆறுதல் இங்கே உடைகிறது. மானிட்டர் கழற்றப்பட்ட பிறகுதான் மானிட்டர் தேவைப்படும் நேரம் வருகிறது.

பல்லாயிரம் பேருக்குச் செய்தார்களே?

மூன்றாவது வாதம்தான் வலுவானது. 1995இல் அமெரிக்கத் தோல் அறுவை மருத்துவர்கள் 15,336 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தார்கள். ஒரு இறப்பும் இல்லை. 2002இல் வெளியான இன்னொரு தொகுப்பில் 66,570 சிகிச்சைகள். அதிலும் இறப்பு இல்லை. இவ்வளவு பேர் பாதுகாப்பாக வீடு திரும்பிய பின் அட்ரினலினைப் பற்றி அச்சமூட்டலாமா என்கிறார்கள்.

அந்தத் தொகுப்புகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவை எதைச் சோதித்தன என்று மட்டும் கேட்கிறேன். அந்த மருத்துவர்களின் வழக்கம் மரத்துப்போகும் ஊசியை மட்டும் நம்பிச் செய்வது. அங்கே அறுவையைக் கட்டுப்படுத்தியது லிக்னோகெய்னின் வரம்பு. அட்ரினலின் கலந்த லிக்னோகெய்னுக்கு மருந்து அட்டையில் உள்ள வரம்பு கிலோவுக்கு 7 மில்லிகிராம். மிகவும் நீர்த்து, கொழுப்பில் மெதுவாகச் செலுத்தினால் 35 வரை போகலாம் என்று க்ளைன் 1990இல் காட்டினார். இப்போது அந்த 35ஐக் க்ளைன் கலவையில் வைத்துப் பாருங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராம் லிக்னோகெய்ன் என்றால், கிலோவுக்கு 35 மில்லிகிராம் எட்டும்போது கிலோவுக்கு 70 மில்லிலிட்டர் திரவம் போயிருக்கும். அந்த 70 மில்லிலிட்டரில் இருக்கும் அட்ரினலின் 0.07 மில்லிகிராம்.

இரண்டு வரம்புகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. லிக்னோகெய்னை எண்ணி நிறுத்தியவர், தான் அறியாமலே அட்ரினலினையும் அங்கேயே நிறுத்தினார். அந்த ஆயிரக்கணக்கானவர்கள் அட்ரினலினை எண்ணாததால் பாதுகாப்பாக இருக்கவில்லை. வேறொரு மருந்தின் பெயரில் அது எண்ணப்பட்டதால் பாதுகாப்பாக இருந்தார்கள்.

இன்று நிலை மாறியிருக்கிறது. முழு மயக்கம் கொடுத்துச் செய்யும்போது வலியைத் தடுக்க லிக்னோகெய்ன் அவ்வளவு தேவையில்லை. பலர் அதைக் குறைக்கிறார்கள், சிலர் அறவே விட்டுவிடுகிறார்கள். ரத்தம் வடியாமலிருக்க அட்ரினலின் மட்டும் பாட்டிலில் நீடிக்கிறது. திரவத்தின் அளவுக்குக் கடிவாளமாக இருந்த ஒரே எண் கழன்றுவிட்டது. இனி எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் போகலாம், எந்தக் கணக்கும் தடுக்காது. கணக்கு வைத்துச் செய்தவர்கள் சம்பாதித்த நற்பெயரைக் கணக்கு வைக்காமல் செய்பவர்கள் கடன் வாங்கிக்கொள்வது நியாயமில்லை.

தொகுப்புகளை எடுத்துக்காட்டுகிறவர்கள் எதிர்ப்பக்கத் தொகுப்பையும் சொல்லவேண்டும். 2000இல் வெளியான அமெரிக்க அழகியல் அறுவை மருத்துவர்களின் கணக்கெடுப்பில் ஏறக்குறைய ஐந்து லட்சம் சிகிச்சைகளில் 95 இறப்புகள். அதாவது ஏறக்குறைய ஐயாயிரத்துக்கு ஒன்று. காரணம் தெரிந்தவற்றில் முதலிடத்தில் இருந்தது நுரையீரலுக்குப் போய் அடைத்த ரத்தக்கட்டி, ஏறக்குறைய 23 சதவீதம். வயிற்றுக்குள் குழாய் துளைத்தது, மயக்க மருந்துச் சிக்கல், கொழுப்புத் துகள் அடைப்பு எல்லாம் பட்டியலில் உண்டு. அட்ரினலின் என்று தனி வரி இல்லை. முதல் கொலையாளி அது அல்ல என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதே பட்டியலில் கால்வாசிக்கும் மேலான இறப்புகள் காரணம் தெரியாதவை அல்லது வெளியிடப்படாதவை என்ற வரியில் இருக்கின்றன.

இறப்புச் சான்றிதழில் வராத மருந்து

அந்த வரியில்தான் நான் நிற்க விரும்புகிறேன். 1999இல் நியூயார்க் நகரின் மரண விசாரணைப் பதிவுகளிலிருந்து ஐந்து லைப்போசக்‌ஷன் இறப்புகள் ஒரு முன்னணி மருத்துவ இதழில் வெளியாயின. ஒருவர் அளவுக்கு மீறிய திரவத்தால் இறந்தார், ஒருவர் நுரையீரல் ரத்தக்கட்டியால். மற்ற மூவருக்கும் அறுவையின்போதே திடீரென்று ரத்த அழுத்தம் சரிந்து இதயத் துடிப்பு மந்தமானது. உறுதியான காரணம் கண்டுபிடிக்கப்படவில்லை. அந்த மூவரையும் அட்ரினலின் கொன்றது என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. யாராலும் சொல்லமுடியாது என்பதே என் வாதம்.

லிக்னோகெய்ன் இறந்தவர் ரத்தத்தில் தங்கும். ஆய்வகத்தில் அளந்து, இவ்வளவு இருந்தது என்று எழுதலாம். அட்ரினலின் அப்படியில்லை. அது உடலே சுரக்கும் பொருள். உயிர் போராடும் கடைசி நிமிடங்களில் உடல் தன்னிடமுள்ள அட்ரினலினைக் கொட்டித் தீர்க்கிறது. அதற்குமேல், இதயம் நின்றவுடன் காப்பாற்ற முனைகிறவர்கள் மில்லிகிராம் மில்லிகிராமாக அதையே செலுத்துகிறார்கள். பிறகு ரத்தத்தில் கிடைக்கும் அட்ரினலின் எங்கிருந்து வந்தது என்று எந்தப் பிரேதப் பரிசோதனையாலும் பிரித்துச் சொல்லமுடியாது. அளவு மீறியதற்கான தடயத்தை மீட்புச் சிகிச்சையே அழித்துவிடுகிறது. இப்படி ஒரு மருந்தின் பெயர் இறப்புச் சான்றிதழ்களில் இல்லை என்பதை அது குற்றமற்றது என்பதற்குச் சாட்சியாகக் கொள்வது தவறு. அதற்கு இருக்கக்கூடிய ஒரே சாட்சி அறுவைக்கு முன்பும் அறுவையின்போதும் கையால் எழுதப்படும் கணக்கு. அதைத்தான் நாம் எழுதாமல் விடுகிறோம்.

அந்தக் கணக்கு பிரேதப் பரிசோதனைக்காக மட்டும் வேண்டியதல்ல. உயிரோடிருப்பவரைக் காக்கவும் அதுவே வேண்டும். லிக்னோகெய்ன் நஞ்சாகி இதயம் நின்றால், 20 சதவீதக் கொழுப்புக் குழம்பை நரம்பில் செலுத்துவதும், வழக்கமான ஒரு மில்லிகிராமுக்குப் பதிலாகக் கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் போகாத சிறு அளவில் அட்ரினலின் கொடுப்பதும்தான் இன்றைய வழிகாட்டுதல். ஏற்கெனவே உடலில் எத்தனை மில்லிகிராம் தேங்கிக் கிடக்கிறது என்று தெரியாதவர் அந்த முடிவை எதைக்கொண்டு எடுப்பார்? அறுவை முடிந்து படுக்கையில் இருப்பவரின் நாடி 130க்கு ஏறுகிறது. உள்ளே ரத்தம் கசிகிறதா, வலியா, நுரையீரலில் கட்டியா, லிக்னோகெய்னா, அட்ரினலினா? ஐந்துக்கும் சிகிச்சை வேறு வேறு. அட்ரினலின் எவ்வளவு, எத்தனை மணிக்குப் போனது என்று கேஸ் ஷீட்டில் இருந்தால் ஒரு சந்தேகத்தையாவது எடைபோடலாம். இல்லாவிட்டால் "மருந்து வேலைதான், சரியாகிவிடும்" என்று சொல்லிக்கொண்டே ரத்தக் கசிவைத் தவறவிடலாம்.

ஒரு பூஜ்யத்தின் தூரம்

கணக்கு எழுதாத இடத்தில் கலக்கும் பிழையும் எளிதில் நுழைகிறது. ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று, லட்சத்தில் ஒன்று, இரண்டு லட்சத்தில் ஒன்று, பத்து லட்சத்தில் ஒன்று என்று அட்ரினலினை விகிதத்தில் சொல்வதே பழக்கம். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒன்றிரண்டு பூஜ்யங்கள்தான். ஒரு பூஜ்யம் மாறினால் பத்து மடங்கு. அவசரத்தில், களைப்பில், முகக்கவசத்துக்குள்ளிருந்து வரும் குரலில் இந்த எண்கள் ஒன்றுபோலக் கேட்கும். இந்த ஆபத்தை உணர்ந்துதான் அமெரிக்காவில் 2016 முதல் தனி அட்ரினலின் மருந்துகளின் லேபிளில் விகிதத்தை எடுத்துவிட்டு, மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் அச்சிடவேண்டும் என்றார்கள்.

அதற்கு வெகுகாலம் முன்பே, 1995இல், புளோரிடாவில் காது அறுவைக்கு வந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். லிக்னோகெய்னோடு லட்சத்தில் ஒரு பங்கு அட்ரினலின் கலந்த ஊசி போடவேண்டிய இடத்தில், வெளிப்பூச்சுக்காக வைத்திருந்த ஆயிரத்தில் ஒரு பங்கு அட்ரினலின் ஊசியில் ஏறிவிட்டது. நூறு மடங்கு. அது லைப்போசக்‌ஷன் அல்ல. ஆனால் எவ்வளவு என்று யாரும் சரிபார்க்காத திரவத்தைச் சிரிஞ்சில் எடுக்கும் எல்லா அறுவை அரங்குகளுக்கும் அந்தக் குழந்தையின் மரணம் பொருந்தும்.

நம் ஊர் நிலையில் இன்னொரு பொறியும் உண்டு. கலவை தயாரிக்க எடுக்கும் லிக்னோகெய்ன் வயலில் ஏற்கெனவே இரண்டு லட்சத்தில் ஒன்று அட்ரினலின் இருக்கக்கூடும். 30 மில்லிலிட்டர் வயலில் அது 0.15 மில்லிகிராம். அதோடு தனியாக ஒரு ஆம்பூல் அட்ரினலினும் உடைத்துச் சேர்த்தால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற கணக்கு அங்கேயே தவறிவிடும். எதிர்ப்பக்கத்துப் பிழையும் நேரலாம். அட்ரினலின் சேர்க்க மறந்துபோனால், அல்லது பைகார்பனேட் கலந்த பாட்டில் நெடுநேரம் கிடந்து மருந்து வீரியமிழந்துவிட்டால், லிக்னோகெய்ன் வேகமாக ரத்தத்தில் ஏறும். 35 என்ற வரம்பு அட்ரினலின் துணையிருக்கும்வரைதான் செல்லுபடியாகும். ஆகவே அட்ரினலினை எண்ணுவது கூடுதலைத் தடுக்க மட்டுமல்ல, குறையைக் கண்டுபிடிக்கவும்தான்.

"வரம்பே நிரூபிக்கப்படவில்லையே"

கடைசி வாதத்துக்கு வருகிறேன். 0.07 என்பது கல்லில் செதுக்கிய எண் அல்ல, 10 மில்லிகிராம் வரை கொடுத்தும் ஒன்றும் ஆகாத நோயாளிகள் உண்டு என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த நோயாளிகள் யார்? பெரும்பாலும் தேர்ந்தெடுத்துச் சேர்க்கப்பட்ட ஆரோக்கியமானவர்கள். கிளினிக்குக்கு வருகிறவர்கள் எல்லாரும் அப்படி இருப்பதில்லை.

ஒற்றைத் தலைவலிக்கோ கைநடுக்கத்துக்கோ ப்ரோப்ரனலால் சாப்பிடுகிறவர் இருக்கிறார். அவருக்கு அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் வேலையை மட்டும் தடையில்லாமல் செய்யும். ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும், இதயத் துடிப்பு மந்தமாகும். தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ அமிட்ரிப்டிலின் எடுப்பவருக்கு அட்ரினலினின் விளைவு பன்மடங்காகும். தைராய்டு மிகுந்தவர்களுக்கும் அப்படியே. முக்கியமாக, லைப்போசக்‌ஷனுக்கு வருகிறவர் அதற்கு முன்பு எடை குறைக்கப் பல வழிகளைத் தேடியிருப்பார். எடை குறைய வேண்டும் என்று தைராக்ஸின் விழுங்குகிறவர்கள் உண்டு. 2010இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் விலக்கிய, இந்தியாவிலும் தடைசெய்யப்பட்ட சிபுட்ரமின் மருந்து, மூலிகை என்று விற்கப்படும் மாத்திரைகளில் ஒளிந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. கேட்டால்தான் சொல்வார்கள். குறைசொல்லிவிடுவாரோ என்ற அச்சமில்லாமல் பதில் சொல்லும்படி கேட்டால்தான் சொல்வார்கள்.

வரம்பு எங்கே என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் விளிம்பிலிருந்து தள்ளி நடப்பதுதான் அறிவு. வரம்பு தெரியவில்லை என்பதை வரம்பே இல்லை என்று படிப்பது மருத்துவமாகாது. உயிரைக் காக்க வேறு வழியில்லாமல் செய்யும் அறுவையாக இருந்தால் நிச்சயமின்மையைத் தாங்கிக்கொள்ளலாம். இது அப்படிப்பட்டதல்ல. பெரும்பாலும் நடந்து வந்து, பணம் கட்டி, தன் உடலைப் பற்றி ஒரு ஆசையோடு படுக்கிற ஆரோக்கியமான மனிதர் இவர். இன்று செய்யாவிட்டால் நாளை அவர் உயிருக்கு ஒன்றும் ஆகிவிடாது. அவரிடம் அபாயத்துக்கு ஈடாகக் காட்டுவதற்கு நம்மிடம் எதுவுமில்லை. அதனால் அவருக்காக நாம் காட்டவேண்டிய கவனம் கூடுதலாகவே இருக்கவேண்டும்.

இதனால் அறுவையே முடங்கிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு மேலே சொன்ன 55 கிலோ பெண்ணையே திரும்பக் காட்டுகிறேன். அவருக்கு ஏழரை லிட்டர் திரவம் தேவையென்றே வைத்துக்கொள்வோம். முழு மயக்கத்தில் லிக்னோகெய்னைத் தனியே குறைத்துக்கொண்டு, லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குப் பதில் அரை மில்லிகிராம் அட்ரினலின் கலந்தால் மொத்தம் 3.75 மில்லிகிராம். வரம்புக்குள் வந்துவிட்டது. இருபது லட்சத்தில் ஒன்று என்ற அந்தச் செறிவும் ரத்தக்குழாய்களைச் சுருக்கப் போதுமானதுதான், விளைவு வர இன்னும் சில நிமிடம் காத்திருக்கவேண்டும். அல்லது வயிற்றை இன்று செய்து, தொடையைப் பிறகொரு நாள் செய்யலாம். அல்லது எடுப்பதற்குச் சமமாக மட்டும் திரவம் செலுத்தலாம். ரத்த இழப்பைப் பொறுத்தவரை அந்த முறையும் ஏறக்குறைய அதே ஒரு சதவீதத்தில்தான் நிற்கிறது. கூடுதல் அட்ரினலின் கூடுதல் பாதுகாப்பைத் தருவதில்லை. குழாய்கள் சுருங்கியபின் அதற்குமேல் ஊற்றும் ஒவ்வொரு மில்லிகிராமும் நோயாளியின் இதயத்துக்கு மட்டுமே சுமை.

செய்யவேண்டியவை பெரிய முதலீடு கேட்பவை அல்ல. அறுவைக்கு முன்பு நோயாளியின் எடையை அளந்து, இவருக்கு அட்ரினலின் உச்சம் இத்தனை மில்லிகிராம், லிக்னோகெய்ன் உச்சம் இத்தனை மில்லிகிராம் என்று இரண்டு எண்களையும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலும் அரங்கின் பலகையிலும் எழுதவேண்டும். ஒவ்வொரு பாட்டிலையும் ஒருவர் கலக்க, இன்னொருவர் சரிபார்க்க, மருந்தும் மில்லிகிராமும் நேரமும் எழுதிய லேபிள் ஒட்டவேண்டும். விகிதத்தில் பேசுவதை நிறுத்தி மில்லிகிராமில் பேசவேண்டும். ஒவ்வொரு பாட்டிலும் முடிந்ததும் ஓடிய மொத்தத்தை உரக்கச் சொல்லவேண்டும். வரம்பை எட்டினால், அறுவை மருத்துவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், மயக்க மருத்துவரோ செவிலியரோ "போதும், சார்" என்று சொல்லி நிறுத்தும் அதிகாரம் வேண்டும். அட்ரினலினின் உச்சம் கடக்கும்வரையாவது நோயாளி கண்காணிப்பில் இருக்கவேண்டும். முழு நாளும் இரவும் உடனிருக்க ஒருவர் இல்லாதவரை வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எத்தனை இன்ச் குறையும் என்று கேட்கும்போதே, "எனக்கு அட்ரினலின் மொத்தம் எத்தனை மில்லிகிராம் கொடுப்பீர்கள், என் எடைக்கு வரம்பு எவ்வளவு?" என்றும் கேளுங்கள். நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியால் புண்படமாட்டார், உடனே எண்ணைச் சொல்வார். "அதெல்லாம் ரொம்ப நீர்த்தது, கவலைப்படாதீங்க" என்று பதில் வந்தால் அங்கே அந்த எண்ணை யாரும் கணக்கிடவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். கணக்கிடப்படும்வரை அந்த மேசையில் படுக்காதீர்கள். கொழுப்பை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எண்ணாமல் உள்ளே செலுத்திய மருந்தைத் திரும்ப எடுக்கும் கருவி எந்த அரங்கிலும் கிடையாது.